நாள் குறிக்காத உத்தரவாதம்

தென்பெண்ணையின் குறுக்கே நிற்கும் கெலவரப்பள்ளி அணையிலிருந்து ஒசூரின் தொழிற்பேட்டைகள் வெகுதொலைவில் இல்லை. டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், ஏத்தர் எனர்ஜி ஆகியவற்றின் ஆலைகள் ஒசூர்ப் பகுதியில் இயங்குகின்றன. அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் ஏறத்தாழ 500 ஏக்கரில் ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலை அமைந்துள்ளது. இந்தியச் சாலைகளில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பகுதி இந்த ஒரே மாவட்டத்தில் உருவானவை. கர்நாடக எல்லையோரத்தில் உள்ள இந்த மாவட்டத்துக்கு இது பெருமை.

ஆனால், வாகனம் உருவாகும் மாவட்டத்தில் வாழ்பவருக்கும், தொலைதூர ஊரில் அதை வாங்கியவருக்கும் ஒரு கேள்வி பொதுவானது. புதிய வாகனம் பழுதாகி, உத்தரவாதத்தின்கீழ் பழுதுநீக்க நிலையத்தில் விடப்பட்டால், அது எப்போது திரும்பக் கிடைக்கும்? ‘வாரண்டி’ எனப்படும் உத்தரவாதச் சீட்டில் ஆண்டுக் கணக்கும் கிலோமீட்டர் கணக்கும் இருக்கும். எந்தெந்தப் பாகங்கள் இலவசமாக மாற்றித் தரப்படும் என்ற பட்டியலும் இருக்கும். எத்தனை நாள்களுக்குள் என்பது மட்டும் பொதுவாக இருப்பதில்லை. புதிய வாகனங்களின் தரம் குறித்த இன்றைய விவாதத்தின் மையத்தில் இருக்க வேண்டியது இந்த இடைவெளிதான்.

இதை உணர்த்திய நிகழ்வு 2024-இல் நடந்தது. மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் அப்போது நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த ஓலா எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த ஆண்டு அக்டோபரில் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில், அந்த நிறுவனத்தின் மீது தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்த புகார்கள் 10,644. இவற்றில் 3,300-க்கும் மேற்பட்டவை பழுதுநீக்கும் பணியில் ஏற்பட்ட தாமதம் பற்றியவை. ஏறத்தாழ 1,450 புகார்கள், உறுதியளித்த சேவை வழங்கப்படவில்லை என்பவை. இவ்விரண்டையும் சேர்த்தால் மொத்தப் புகார்களில் ஏறத்தாழ 45 சதவீதம். ஏறத்தாழ 1,900 புகார்கள், வாகனத்தை ஒப்படைப்பதில் ஏற்பட்ட தாமதம் குறித்தவை.

இந்த எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். வாகனம் பழுதானது என்பது மட்டுமே இவர்களின் குறையன்று. பழுதான வாகனம் உரிய காலத்தில் சரிசெய்து தரப்படவில்லை என்பதே பலரின் குறை. பழுதைப் பொறுத்துக்கொள்ள மக்கள் ஆயத்தமாகவே இருந்தனர். முடிவு தெரியாத காத்திருப்பைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

நிறுவனத்தின் தரப்பையும் நோக்குவது நியாயம். 10,644 புகார்களில் 99.1 சதவீதம் தீர்க்கப்பட்டுவிட்டதாக அந்நிறுவனம் பதிலளித்தது. புகார்களில் மூன்றில் இரண்டு பங்கு, தளர்ந்த பாகங்கள், மென்பொருளைப் பயன்படுத்துவதில் பழக்கமின்மை போன்ற சிறு குறைகளே என்று அதன் தலைவர் பவிஷ் அகர்வால் விளக்கமளித்தார். 2023-24 நிதியாண்டில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமான ஸ்கூட்டர்களை விற்ற நிறுவனம் அது. விற்பனையோடு ஒப்பிட்டால் புகார்களின் விகிதம் சிறியது என்று வாதிடவும் இடமுண்டு.

எனினும், அரசின் உதவி மையத்தை அழைப்பது வாடிக்கையாளர் எடுக்கும் முதல் நடவடிக்கையன்று. நிறுவனத்தின் செயலியில் பதிவுசெய்து, பழுதுநீக்க நிலையத்துக்குப் பலமுறை நடந்து, பதில் கிடைக்காத நிலையில்தான் ஒருவர் அங்கே செல்கிறார். குறைகள் உண்மையிலேயே சிறியவை என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தளர்ந்த ஒரு பாகத்தை முடுக்கித் தரும் வேலை, தில்லி வரை செல்லும் புகாராக ஏன் வளர வேண்டும்? 2024 நவம்பரில் இவ்விவகாரத்தை ஆராயும் பொறுப்பு இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதே, வெறும் எண்ணிக்கை விளக்கம் போதாது என்பதைக் காட்டியது.

மெக்கானிக் திறக்க முடியாத வண்டி

பழுதும் தாமதமும் வாகன உலகுக்குப் புதியவை அல்ல. ஆனால், முன்பு வாகன உரிமையாளருக்கு மாற்று வழி ஒன்று இருந்தது. 1980-இல் ஒசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, தமிழ்நாட்டுக் கிராமங்களின் வாகனமாகவே மாறியதற்கு அதன் விலை மட்டும் காரணமன்று. ஸ்பார்க் பிளக்கைத் துடைக்கவும், கார்புரேட்டரைச் சுத்தம் செய்யவும், கிளட்ச் ஒயரை மாற்றவும் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருந்தார். நிறுவனத்தின் நிலையம் தாமதித்தால், உத்தரவாதத்தை மறந்துவிட்டுச் சொந்தச் செலவில் அவரிடம் செல்லலாம். மறுநாள் வேலைக்கு வண்டி கிடைக்கும்.

மின்சார வாகனத்தில் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. அதில் அசையும் பாகங்கள் குறைவு. எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை. அன்றாடப் பராமரிப்பும் குறைவு. இவையெல்லாம் உண்மையே. ஆனால், மின்கல அடுக்கு, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, மென்பொருள் ஆகிய மூன்றும் முத்திரையிடப்பட்டவை போன்றவை. குறை எங்கே இருக்கிறது என்று கண்டறிவதற்கே நிறுவனத்தின் கணினிச் செயலி தேவை. உதிரி பாகங்களும் வெளிச்சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. வெளியாள் திறந்தால் உத்தரவாதமே ரத்தாகிவிடக்கூடும். எனவே, பழுதுநீக்கத்துக்கு உரிமையாளருக்கு எஞ்சியிருப்பது ஒரே வாசல். அதுவும் நிறுவனத்தின் வாசல்.

நிறுவனங்கள் பெரிய உறுதிமொழிகளைத் தருகின்றன என்பதையும் மறுக்க முடியாது. மின்கலத்துக்கு எட்டு ஆண்டுகள் அல்லது 80,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் என்று ஓலா 2024-இல் அறிவித்தது. ஏத்தர் நிறுவனமும் எட்டு ஆண்டு உத்தரவாதத் திட்டத்தை வழங்குகிறது. தொழில்நுட்பத்தின் மீதுள்ள நம்பிக்கையின் அடையாளமாக இதனை வரவேற்கலாம். ஆனால், உத்தரவாதக் காலம் நீளும்போது நிறுவனத்தின் மீதான சார்பும் நீள்கிறது. எட்டு ஆண்டுகள் ஒரே வாசலில் நிற்க வேண்டியவருக்கு, அந்த வாசல் எத்தனை நாளில் திறக்கும் என்பதே முதன்மையான கேள்வி.

கெலவரப்பள்ளியை ஒட்டிய கிராமம் ஒன்றிலிருந்து ஆலைக்கு ஷிப்ட் வேலைக்குச் செல்லும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் கடனில் வாங்கிய ஸ்கூட்டர் நாற்பது நாள்கள் பழுதுநீக்க நிலையத்தில் நிற்கிறது. அந்த நாற்பது நாள்களிலும் மாதத் தவணை நிற்பதில்லை. காப்பீட்டுக் காலம் கரைகிறது. உத்தரவாதக் காலமும் கழிந்துகொண்டே இருக்கிறது. வேலைக்குச் செல்ல அவர் தனியே செலவிட வேண்டும். உணவு விநியோகத்தில் இருப்பவர் என்றால் வருவாயே நின்றுவிடும். நிறுவனத்தின் தாமதத்துக்கான முழு விலையையும் செலுத்துபவர் வாடிக்கையாளர் மட்டுமே. தாமதத்தால் தனக்கு எந்தச் செலவும் இல்லை என்னும்போது, விரைந்து செயல்பட ஒரு நிறுவனத்துக்கு என்ன கட்டாயம் இருக்கிறது?

இந்த ஆற்றாமை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2022 ஏப்ரலில் ஆம்பூர் அருகே ஒருவர் தமது மின்சார ஸ்கூட்டரின் மீது தாமே பெட்ரோல் ஊற்றித் தீவைத்தார். 2024 செப்டம்பரில் கர்நாடகத்தின் கலபுரகியில், முந்தைய மாதம் வாங்கிய ஸ்கூட்டரின் பழுது தீராத கோபத்தில் ஒருவர் விற்பனையகத்துக்கே தீவைத்துக் கைதானார். பிறர் சொத்துக்குத் தீவைப்பது குற்றம். அதை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், முறையிட ஓர் இடமும், முடிவு தெரிய ஒரு நாளும் இருந்திருந்தால் கோபம் அந்த எல்லைக்குச் சென்றிருக்குமா என்பது ஆட்சியாளர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சட்டம் எதைப் பார்க்கிறது?

சட்டங்கள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் புகுத்திய 110ஏ பிரிவின்படி, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு மத்திய அரசு ஆணையிடலாம். அப்போது நிறுவனம் வாகனத்தின் முழு விலையைத் திருப்பித் தரவோ, மாற்று வாகனம் வழங்கவோ, பழுதைச் சரிசெய்யவோ வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. ஆனால், சுற்றுச்சூழலுக்கோ, பயணிப்போருக்கோ, சாலையில் செல்வோருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறைபாடுகளுக்கே இந்தப் பிரிவு பொருந்தும். எவருக்கும் ஆபத்து விளைவிக்காமல், நகராமல் நிற்கும் வாகனம் இதன் பார்வையில் படுவதில்லை.

மின்சார வாகனங்களுக்கான தரநிலைகளின் வரலாறும் இதையே சொல்கிறது. 2022-இல் நாட்டின் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. அதன் பின்னர் மின்கலப் பாதுகாப்புத் தரநிலைகள் திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. தீக்குத் தரநிலை வந்தது. காத்திருப்புக்கு இன்றுவரை எந்தத் தரநிலையும் வரவில்லை.

அடுத்த வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. குறைபாடுள்ள பொருளுக்கு உற்பத்தியாளர், விற்பனையாளர், சேவை வழங்குநர் ஆகிய மூவரையும் தனித்தனியே பொறுப்பாக்கும் அத்தியாயம் இதில் உள்ளது. வாங்கிய இடம் எதுவாயினும், தாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பெங்களூரில் வாகனம் வாங்கி ஒசூரில் வசிப்போர் நிறைந்த எல்லைப் பகுதிக்கு இது மிகப் பெரிய உதவி. ரூ.5 லட்சம் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை. மூன்று மாதங்களுக்குள்ளும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதங்களுக்குள்ளும் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்.

நடைமுறை வேறு. பிழை உற்பத்தியிலேயே இருந்தது என்று காட்டும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் மீதே விழுகிறது. ஆய்வகச் சோதனைக்கான கட்டணத்தை முதலில் அவரே செலுத்த நேரலாம். நிறுவனத்திடம் பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் உள்ளனர்; இவரிடம் இருப்பது ஒரு ரசீது. உத்தரவாதம் என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யும் அல்லது மாற்றித் தரும் கடமையே. அதற்காக முழு வாகனத்தையும் மாற்றித் தருமாறு கோர முடியாது என்று மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. அதேவேளை, விபத்தில் காற்றுப்பை விரியாத ஹூண்டாய் கார் தொடர்பான வழக்கில் 2022-இல், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் நிபுணராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்று கூறி, வாகனத்தை மாற்றித் தரும் ஆணையை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. இரண்டாம் தீர்ப்பு ஆறுதலானது. ஆனால், அது உயிர்காக்கும் சாதனம் செயல்படாத வழக்கு. சாதாரணப் பழுதும் தொடர்ந்த தாமதமும் இன்னும் முதல் தீர்ப்பின் நிழலில்தான் நிற்கின்றன.

காலம் எவ்வளவு கரையும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 2009 செப்டம்பரில் வாங்கிய பி.எம்.டபிள்யூ. கார், சில நாள்களிலேயே பழுதானது. நிறுவனம் ரூ.50 லட்சம் வழங்கி விவகாரத்தை முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024 ஜூலையில். மாற்று வாகனம் தர நிறுவனம் இடையில் முன்வந்ததும், வாங்கியவர் அதை ஏற்காததும் இவ்வழக்கில் உண்டு. ஆயினும், சொகுசுக் கார் வாங்க வசதியுள்ள நிறுவனத்துக்கே இறுதி முடிவுக்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டரை வாங்கிய தொழிலாளி எத்தனை நாள் நீதிமன்றப் படியேற முடியும்?

பிற நாடுகள் வகுத்த வழி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-இல் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றியது. பார்வைக்கு நன்றாக இருந்து, வாங்கிய பின் ஏமாற்றும் வாகனத்தை ‘லெமன்’ என்று அழைப்பது அந்நாட்டு வழக்கம். எனவே அது ‘லெமன் சட்டம்’ எனப் பெயர்பெற்றது. பின்னர் பிற மாநிலங்களுக்கும் பரவியது. அதன் அடிப்படை எளிது. ஒரே பழுதை நான்கு முறை முயன்றும் சரிசெய்ய முடியாவிட்டாலோ, பழுதுக்காக வாகனம் மொத்தம் 30 நாள்கள் நிலையத்தில் நின்றாலோ, மாற்று வாகனமோ பணமோ கோரும் உரிமை வாங்கியவருக்குப் பிறக்கிறது. உற்பத்திப் பிழையின் மூலத்தை அவர் ஆராய்ந்து நிறுவ வேண்டியதில்லை. நாள்களை எண்ணினால் போதும்.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் இத்தகைய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பொருளைப் பெற்ற ஆறு மாதங்களுக்குள் தோன்றும் குறைபாடு, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவருடையது. வழக்கின் சுமை, அதைத் தாங்க வலுவுள்ள தோளுக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

இந்தியாவுக்கு இவற்றை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. நான்கு விதிகள் போதும். முதலாவது, உத்தரவாதப் பழுதுநீக்கத்துக்காக வாகனம் நிலையத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உத்தரவாதக் காலத்துடன் தானாகவே சேர்க்கப்பட வேண்டும். இரண்டாவது, குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் தாமதமானால் மாற்று வாகனமோ நாள்தோறும் இழப்பீடோ வழங்கப்பட வேண்டும். மூன்றாவது, முதல் ஆண்டில் மொத்தம் 30 நாள்கள் முடங்கிய வாகனத்துக்கு விலையைத் திரும்பப் பெறும் உரிமை வேண்டும். நான்காவது, ஒவ்வொரு நிறுவனமும் சராசரிப் பழுதுநீக்கக் காலத்தை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். மைலேஜ் கணக்கைப் போலவே இந்தக் கணக்கையும் பார்த்து மக்கள் வாகனம் வாங்கட்டும்.

இதைக் கேட்க அரசுக்கு உரிமை உண்டா என்ற ஐயம் தேவையற்றது. மின்சார வாகனங்களின் விலையில் பொதுப்பணம் கலந்திருக்கிறது. ஃபேம்-2 திட்டத்தின்கீழ் மானியம் பெற, மூன்று ஆண்டு உத்தரவாதமும் போதுமான பழுதுநீக்க வசதியும் நிபந்தனைகளாக இருந்தன. ‘போதுமான’ என்ற சொல்லுக்கு அளவுகோல் வகுக்காததே பிழை. 2024 அக்டோபரில் ரூ.10,900 கோடி ஒதுக்கீட்டுடன் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் தொடர்ச்சியாக வரும் எந்தச் சலுகையும், விற்ற எண்ணிக்கையோடு, சரிசெய்து தந்த காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரூ.50,000 கோடி முதலீட்டையும் 1.5 லட்சம் வேலைவாய்ப்புகளையும் இலக்காகக் கொண்டு 2023-இல் மின்சார வாகனக் கொள்கையை வெளியிட்ட தமிழக அரசுக்கும், சலுகை பெறும் நிறுவனங்களிடம் இதை வலியுறுத்தும் உரிமை இருக்கிறது.

சந்தை தண்டிக்கும், ஆனால்...

சந்தையே இதைச் சரிசெய்துவிடும் என்று கூறுவோர் உண்டு. ஓரளவு உண்மைதான். 2024-இல் முதலிடத்தில் இருந்த ஓலாவை, 2025 ஏப்ரலில் மாத விற்பனையில் டி.வி.எஸ். முந்தியது. விற்பனை நிலையங்களுடன் பழுதுநீக்க வசதியையும் இணைத்து, மொத்த நிலையங்களை 4,000 ஆக்குவதாக 2024 டிசம்பரில் ஓலா அறிவித்ததும் இந்த அழுத்தத்தின் விளைவே. எந்த உற்பத்தியாளரும் பிழைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். டி.வி.எஸ். நிறுவனமும் 2023 ஜூலை, செப்டம்பர் மாதங்களுக்கு இடையே தயாரான சில ஐக்யூப் ஸ்கூட்டர்களின் சட்டகப் பகுதியை ஆய்வுசெய்ய 2024-இல் தானே முன்வந்து திரும்ப அழைத்தது. பிழை நேர்ந்த பின் நடந்துகொள்ளும் விதமே நிறுவனங்களை வேறுபடுத்துகிறது.

ஆனால், சந்தையின் தண்டனை நிறுவனத்தின் அடுத்த வாடிக்கையாளருக்குத்தான் பயன்படும். ஏற்கெனவே வாங்கிவிட்டவரின் வண்டி அதனால் சரியாகிவிடாது. மேலும், அந்தத் தண்டனை நிறுவனத்தின் மீது மட்டும் விழுவதில்லை. விற்பனை சரிந்தால் முதலில் குறைவது உற்பத்தி. அடுத்துக் குறைவது வேலை. போச்சம்பள்ளி ஆலையை முழுவதும் பெண்களே நடத்துவர் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டபோது இம்மாவட்டத்துக் குடும்பங்கள் கொண்ட நம்பிக்கை பெரிது. பழுதுநீக்க நிலையத்தில் இழக்கும் நற்பெயரின் விலையை, ஆலையில் உழைக்கும் கைகளும் சேர்ந்தே கொடுக்க நேரிடும். ஆகவே, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது நுகர்வோர் பிரச்சினை மட்டுமன்று. வாழ்வாதாரப் பிரச்சினையும் ஆகும்.

சட்டம் வரும்வரை வாகன உரிமையாளர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை வாகனத்தை ஒப்படைக்கும்போதும் தேதியும் குறையும் எழுதப்பட்ட ‘ஜாப் கார்டை’க் கேட்டுப் பெற வேண்டும். திரும்பப் பெறும் நாளையும் எழுத்தில் பதிய வேண்டும். வாய்மொழி உறுதிகளை மின்னஞ்சலாக மாற்ற வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிய வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுக வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நாள்களை நிறுவனம் எண்ணாவிட்டால், நாமே எண்ணி வைத்திருப்பதுதான் பின்னாளில் சான்றாக நிற்கும்.

ஆனால், சான்று சேர்ப்பதையே வாடிக்கையாளரின் இரண்டாம் தொழிலாக்குவது நல்ல நிர்வாகம் ஆகாது. மாதத் தவணைக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. காப்பீட்டுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. வாங்கியவர் செலுத்த வேண்டிய ஒவ்வொன்றுக்கும் கெடு இருக்கும்போது, அவருக்குத் தர வேண்டியதற்கும் ஒரு கெடு இருப்பதே நியாயம்.